சனி, ஞாயிறு ரைபிள் பயிற்சியில் உண்மையில் என்ன கற்றுக்கொள்ளலாம்?

ஈரோட்டிலிருந்து கோவைக்கு வந்து ரெண்டு நாள் ரைபிள் பயிற்சியில் சேர்ந்தால் பலன் இருக்குமா, லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டிருக்கீங்க. தாராளமாகச் சேருங்க. பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான் (காற்றழுத்தத்தில் 10 மீட்டர் தூர இலக்கைச் சுடும் துப்பாக்கி) தொடங்குவார்கள். 4.5 மி.மீ. குண்டு, 20 ஜூலுக்கு மேல் போகாத சக்தி என்றால் ஆயுத லைசென்ஸ் தேவையில்லை.

முதல் நாள் காலை பாதுகாப்பிலேயே போய்விடும், அதில் சலித்துக்கொள்ளாதீங்க. குழல் எப்போதும் இலக்குப் பக்கம், சுடும் நொடி வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. இது கைக்குப் பழகாமல் மேற்கொண்டு எதுவும் வேண்டாம்.

அப்புறம் நிற்கும் நிலை. எனக்கு இதுதான் முக்கியம். இலக்கைக் குறிபார்த்து, கண்ணை மூடி ரெண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்க. குழல் இடப்பக்கம் விலகி நின்றால் கையால் இழுத்துத் திருத்தாமல் பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தணும், ஏன்னா தசையை இறுக்கிப் பிடித்து வைத்த குறி ட்ரிகரை அழுத்தும்போது பழைய இடத்துக்கே ஓடிவிடும். ஏற்கெனவே சுடுகிறவர்கள்கூட பாயிண்ட் இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பத்துப் புள்ளி வட்டம் வெறும் 0.5 மி.மீ., அதனால் முதல் வாரமே பத்தைத் தேடாதீங்க. ஐந்து குண்டும் ஒரே இடத்தில் நெருங்கி விழுகிறதா என்று மட்டும் பாருங்க, சைட்டை (குறிபார்க்கும் பாகம்) அப்புறம் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம்.

குண்டு ஈயம், டீ குடிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க.