கப்பலிலிருந்து இறங்கி கம்பியில் தொங்கலாமா? ஜிப்லைன் கேள்வி பதில்

கரீபியன் கப்பல் பயணத்தில் தீவில் இறங்கும் ஆறேழு மணி நேரத்துக்குள் ஜிப்லைன் போய் வரலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்து கப்பல் பயணம், ஏழு கம்பி. மொட்டை மாடிச் சுவரை எட்டிப் பார்த்தாலே உள்ளங்கால் கூசுகிற ஆள்தான் நான். அதனால் வீரர்களுக்கு இதில் சரக்கு இல்லை, பயந்தவர்களுக்குத்தான்.

கேள்வி: அக்கா, ஜிப்லைன் என்றால் என்னதான் செய்வார்கள்? வீடியோவில் எல்லாரும் கத்துவது மட்டும்தான் தெரிகிறது.

இரண்டு மேடைகளுக்கு நடுவே எஃகுக் கம்பி கட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் தாழ்வு. கிணற்றுக் கப்பி மாதிரி ஒன்று அந்தக் கம்பியில் ஓடும். உங்கள் இடுப்பையும் தொடையையும் சுற்றிக் கட்டிய வார்ப்பட்டையைக் கப்பியில் கொக்கி போட்டு மாட்டிவிடுவார்கள். தூளியில் உட்கார்வது போல உட்கார்ந்து காலைத் தூக்கினால் போதும், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். தலைக்கவசம் உண்டு. சில இடங்களில் கனமான தோல் கையுறையும் தருவார்கள். அந்தக் கையுறையைப் பார்த்தால் உஷாராகுங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

காட்டின் உச்சிக் கிளைகளில் என்ன வாழ்கிறது என்று பார்க்க 1970-களில் கோஸ்டா ரிக்காவில் டொனால்ட் பெர்ரி போன்ற உயிரியலாளர்கள் கயிற்றில் தொங்கி ஆராய்ச்சி செய்தார்கள். அதையொட்டித்தான் பிறகு சுற்றுலாக்காரர்களுக்கான 'கேனபி டூர்', அதாவது மர உச்சிகளுக்கு நடுவே கம்பியில் போகும் சுற்றுலா, அங்கே வளர்ந்தது. கப்பல் அந்த நாட்டின் லிமோன் துறைமுகத்தில் நின்றால் இந்த விளையாட்டின் தாய்வீட்டிலேயே தொங்கலாம்.

கேள்வி: முதல் தடவை போகிறோம். எந்தத் தீவில் போவது நல்லது?

எல்லாரும் எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் என்றுதான் விசாரிக்கிறார்கள். பிரேக் யார் கையில் இருக்கிறது என்று நீங்கள் விசாரியுங்கள். முதல் முறை போகிறவருக்கு வேறு எதுவும் அவ்வளவு முக்கியமில்லை.

சில இடங்களில் பிரேக் தானாக வேலை செய்யும். கடைசி மேடைக்கு முன்னால் ஸ்பிரிங் அல்லது காந்த பிரேக் உங்களைப் பிடித்து நிறுத்தும், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். வேறு சில இடங்களில் நீங்களே தோல் கையுறையால் கம்பியை அழுத்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். ரோவட்டான் போன்ற மத்திய அமெரிக்கத் துறைமுகங்களில் இந்தக் கைப் பிரேக் வழக்கம் அதிகம். பழகியவர்களுக்கு ஜாலி. புதியவர்களுக்கு, பாதி வழியில் நின்றுவிடவும் வாய்ப்பு, மேடையில் போய் இடிக்கவும் வாய்ப்பு.

எனக்குப் பிடித்த முதல் கம்பி செயின்ட் கிட்ஸில். பாஸ்டெர் துறைமுகத்திலிருந்து வேனில் கொஞ்ச தூரம்தான், விங்ஃபீல்ட் எஸ்டேட். பழைய கரும்புத் தோட்டம், ரம் வடித்த ஆலையின் இடிபாடுகள், பின்னால் காட்டுப் பள்ளத்தாக்கு. அந்தத் தீவில் சர்க்கரைத் தொழிலை 2005-ல் மூடிவிட்டார்கள். கரும்பு ஏற்றிய குட்டி ரயிலில் இப்போது சுற்றுலாக்காரர்கள் போகிறார்கள். கம்பியில் ஏறப் பயந்த என் கணவர் அந்த ரயிலில்தான் போனார். போய்வந்து அதைப் பற்றியே இரண்டு நாள் பேசினார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பஹாமாஸில் ராயல் கரீபியன் நிறுவனத்தின் சொந்தத் தீவு கோகோகே. அங்குள்ள கம்பி 1,600 அடி நீளம், ஆனால் தரையிலிருந்து 50 அடிக்குள்தான். கப்பலிலிருந்து நடந்தே போய்விடலாம், பஸ் இல்லை, மலைப்பாதை இல்லை. தனிக் கட்டணம் உண்டு. காட்டு அனுபவம் கிடைக்காது, ஆனால் பயம் தெளிய நல்ல இடம்.

செயின்ட் மார்ட்டினில் 'ஃப்ளையிங் டச்மேன்' என்று ஒன்று. சுமார் 2,800 அடி ஓட்டத்தில் 1,050 அடி கீழே இறங்கும், உலகிலேயே செங்குத்தானது என்று விளம்பரம் செய்கிறார்கள். அதில் உங்களுக்குக் கைவேலை எதுவும் கிடையாது, நாற்காலியில் உட்காரவைத்து விட்டுவிடுவார்கள். தைரியம் மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். நான் இன்னும் கொண்டுபோகவில்லை.

கேள்வி: லபாடியில் கடல் மேலே பறக்கும் கம்பி இருக்கிறதாமே?

இருக்கிறது. லபாடி என்பது ஹெய்ட்டி நாட்டில் உள்ள இடம். சுமார் 2,600 அடி, பெரும்பகுதி தண்ணீருக்கு மேலே. ஆனால் அந்த நாட்டின் கலவரச் சூழலால் ராயல் கரீபியன் கப்பல்கள் அங்கே நிற்பதை நிறுத்திவைத்தார்கள். பழைய யூடியூப் வீடியோவை நம்பி டிக்கெட் போடாதீர்கள். உங்கள் பயணத் திட்டத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: கம்பி அறுந்துவிட்டால்? என் மாமியார் தினமும் இதையே கேட்கிறார்.

அரை அங்குல எஃகுக் கம்பியே பத்து டன்னுக்கு மேல் தாங்கும். மாமியாருக்கு அந்தக் கவலை வேண்டாம். விபத்துகள் பெரும்பாலும் வேறு வழியில் வருகின்றன: கடைசி மேடையில் வேகமாகப் போய் மோதுவது, கொக்கியைச் சரியாக மாட்டாதது, ஒரே கம்பியில் இரண்டு பேர் அடுத்தடுத்து வருவது. 2018-ல் ரோவட்டானில் தேனிலவுக்குக் கப்பலில் வந்த ஒரு ஜோடிக்கு இதுதான் நடந்தது. மனைவி கம்பியின் நடுவே நின்றுவிட்டார். பின்னால் வந்த கணவர் அவர்மீது மோதினார். மனைவி பிழைத்தார், கணவர் இறந்துவிட்டார்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் கண்ணால் பார்த்தே சரிபார்க்கக்கூடிய விஷயம் இது. உங்களுக்கு முன்னால் போனவர் மறுமுனையில் இறங்கி, கொக்கியைக் கழற்றி, அங்கிருந்து வாக்கிடாக்கியிலோ கையசைவிலோ தகவல் வந்த பிறகுதான் அடுத்தவரை விடுகிறார்களா என்று முதல் இரண்டு பேரைக் கவனியுங்கள். மேடையில் நிற்கும்போதும் உங்கள் வாரிலிருந்து ஒரு கொக்கியாவது எப்போதும் எதிலாவது மாட்டியிருக்க வேண்டும். பிரேக்குக்கு மாற்றாக இரண்டாவது பிரேக் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏசிசிடி என்கிற அமெரிக்க அமைப்பின் விதிமுறைப்படி நடத்துகிறோம் என்று சொல்லும் இடமாக இருந்தால் கூடுதல் நிம்மதி. எங்கேயாவது அரக்கப்பரக்க ஆளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தால், கட்டிய பணம் போனால் போகிறது, திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: பாதி வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

எனக்கு நடந்தது. கைப் பிரேக் உள்ள ஒரு இடம். வேகம் கூடுகிறதே என்று பயந்து சீக்கிரமே கம்பியை அழுத்திவிட்டேன். மேடைக்கு முப்பது அடி முன்னால் அப்படியே நின்றுபோனது. துணி காயப்போடும் கொடியைப் பார்த்திருப்பீர்களே, நடுவில் தொய்ந்து கடைசியில் மேலேறும். இந்தக் கம்பியும் அப்படித்தான். கடைசி ஏற்றத்துக்கு வேகம் மிச்சமில்லையென்றால் பின்னோக்கி வழுக்கி, தொய்வில் போய்த் தொங்குவீர்கள். நான் தொங்கினேன், கீழே ஒரு சேவல் கூவியது.

வழி எளிது. முகம் புறப்பட்ட பக்கம் பார்க்கும்படி திரும்பிக்கொண்டு, கிணற்றில் கயிறு இழுப்பது போல இரண்டு கையாலும் கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்து மேடைப் பக்கம் இழுத்துப் போக வேண்டும். முடியாவிட்டால் வழிகாட்டி கம்பியிலேயே வந்து, காலால் உங்களைக் கோத்துக்கொண்டு இழுத்துப் போவார். என்னை இழுத்துப் போன பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "அம்மா, மரத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்" என்று அவன் பாஷையில் சொன்னான். மறக்க முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை: கையைக் கப்பிக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும், முன்னால் வைத்தால் விரல் நசுங்கும். எந்த மொழியில் சொல்லிக்கொடுத்தாலும் இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் மேடையேறாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு ஆறு வயது, 20 கிலோ. எனக்கு 108 கிலோ. எங்களை விடுவார்களா?

இடத்துக்கு இடம் வேறுபடும். பெரும்பாலும் மேல் வரம்பு 250 முதல் 275 பவுண்ட், அதாவது 113 முதல் 125 கிலோ. நீங்கள் தப்பித்தீர்கள், ஆனால் கப்பல் பஃபே உபயத்தில் ஒரு வாரத்தில் வரம்பைத் தொட்டுவிடாதீர்கள். சில இடங்களில் எடை மெஷினில் நிற்கவைத்தே அனுப்புவார்கள். பொய் சொன்னால் பணமும் திரும்பாது.

குழந்தைக்குச் சிக்கல் வேறு. எடை குறைவாக இருந்தால் காற்றின் எதிர்ப்பைத் தாண்டி மறுமுனைக்குப் போய்ச்சேர வேகம் போதாது. அதனால் வழிகாட்டியோடு சேர்த்துக் கட்டி ஜோடியாக அனுப்புவார்கள். அந்த வசதி உண்டா, எத்தனை வயதிலிருந்து என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். அங்கே போய் இல்லை என்று சொன்னால் பிள்ளை அழும், நீங்கள் இருவரில் ஒருவர் கீழே உட்கார வேண்டியிருக்கும்.

கேள்வி: அக்கா, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்களா?

இதில் என்ன கூச்சம், எனக்கும் அதே கேள்வி இருந்தது. நகை எல்லாவற்றையும் கழற்றச் சொல்லும் இடமும் உண்டு. நான் கழுத்து மூடிய டி-ஷர்ட் போட்டு, கொடியை உள்ளே விட்டு, மேலே மார்புப் பட்டை அழுத்தாத மாதிரி ஒதுக்கிக்கொண்டேன், ஒன்றும் சொல்லவில்லை. கழற்ற மனமில்லை என்றால் மஞ்சள் கயிறு போட்டுக்கொண்டு கிளம்புங்கள், தங்கம் கப்பல் அறையின் பெட்டகத்தில் இருக்கட்டும். மோதிரம் கட்டாயம் வேண்டாம், கையுறைக்குள் விரலை அறுக்கும்.

நகையைவிடக் கூந்தல்தான் ஆபத்து. பின்னல் கப்பியில் சிக்கினால் விளையாட்டில்லை. கொண்டை போட்டுத் தலைக்கவசத்துக்குள் அடக்கிவிடுங்கள். துப்பட்டா கூடவே கூடாது. தொடையை மூடும் பேன்ட், குதிகால் மூடிய ஷூ. செருப்பில் போனவர்களைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கப்பல் மூலமே பதிவு செய்வதா, வெளியில் மலிவாகக் கிடைப்பதை எடுப்பதா?

முதல் முறை என்றால் கப்பல் மூலம். விலை கூடத்தான். ஆனால் கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியில் எடுத்தால், நீங்கள் துறைமுகத்தில் நின்று கையசைக்க, கப்பல் போய்க்கொண்டே இருக்கும். அடுத்த தீவுக்கு விமானச் செலவும் உங்களுடையது. புயல் காலத்தில், அதாவது ஜூன் முதல் நவம்பர் வரை, கப்பல் ஒரு துறைமுகத்தையே தவிர்த்துவிடலாம். கப்பலில் கட்டிய பணம் தானாகத் திரும்பி வரும், வெளியில் கட்டியதைக் கேட்டு அலைய வேண்டும்.

இன்னொரு சங்கதி கடிகாரம். கப்பல் நேரமும் தீவு நேரமும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம். செல்போன் தானாகத் தீவு நேரத்துக்கு மாறிவிடும், நீங்கள் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துத் தேங்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். சாதாரணக் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொண்டு இறங்குங்கள். பெலீஸ் சிட்டி, கிராண்ட் கேமன் போன்ற இடங்களில் கப்பல் கரைக்கு வராது, சிறு படகில்தான் போய்வர வேண்டும். அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பிபி மாத்திரை, முழங்கால் வலி. ஆசைப்படுகிறார்.

பிபி கட்டுக்குள் இருந்தால் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம். முழங்கால்தான் இடிக்கும். மேடைக்கு மேடை மரப்படி, மலையேற்றம், கால் ஊன்றி இறங்குவது எல்லாம் உண்டு. சமீபத்தில் அறுவை சிகிச்சை, முதுகு அல்லது கழுத்துக் கோளாறு, இதய நோய் என்றால் வேண்டாம். கர்ப்பிணிகளை எங்கேயும் ஏற்றமாட்டார்கள்.

அப்பாவை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. செயின்ட் லூசியாவில் பாபனோ பக்கம் மழைக்காட்டின் உச்சிக் கிளைகளுக்கு நடுவே மெதுவாகப் போகும் ஏரியல் டிராம், அதாவது கம்பியில் தொங்கியபடி போகும் வண்டி, இருக்கிறது, அதே இடத்தில் ஜிப்லைனும் உண்டு. ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸில் மிஸ்டிக் மவுண்டன், அங்கே நாற்காலி வண்டியில் மலையுச்சிக்குப் போய்க் கடலைப் பார்க்கலாம். அவர் அதில், நீங்கள் கம்பியில்.

கேள்வி: மழை பெய்தால்?

தூறலில் நடத்துவார்கள். இடி மின்னல் என்றால் நிறுத்திவிடுவார்கள். ஈரக் கம்பியில் கைப் பிரேக் சரியாகப் பிடிக்காது, அன்றைக்கு மட்டும் பெருமை பார்க்காமல் வழிகாட்டியோடு ஜோடியாகப் போகக் கேளுங்கள்.

கேள்வி: எல்லாம் சரி அக்கா, அந்த முதல் அடி எடுத்துவைக்க எனக்குக் கால் வராது.

யாருக்கும் வராது. எட்டிக் குதிக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் இந்தப் பயம். குதிக்கவே கூடாது. மேடை விளிம்பில் நின்று, வார்ப்பட்டையில் முழு எடையையும் போட்டு உட்காருங்கள். அது உங்களைத் தாங்குகிறது என்று இடுப்புக்குத் தெரியும்வரை அப்படியே இருங்கள். பிறகு காலை மட்டும் தூக்குங்கள். வரிசையில் மூன்றாவது, நான்காவது ஆளாக நில்லுங்கள். முதல் ஆள் என்றால் பார்க்க யாருமில்லை, கடைசி ஆள் என்றால் நினைத்து நினைத்துச் சாக நேரம் நிறைய.

கப்பலில் வாந்திக்குப் போடும் மாத்திரை தூக்கம் வரவைக்கும், அன்று காலை அதை விட்டுவிட முடியுமா என்று பாருங்கள். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், வெறும் வயிற்றிலும் போகாதீர்கள். அப்புறம், பயிற்சிக்கென்று ஒரு சின்னக் கம்பி பல இடங்களில் உண்டு. அதில் போய்ப் பார்த்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவது மேடைக்குப் போன பிறகு சொன்னால், இறங்கும் வழியும் சில இடங்களில் கம்பிதான்.