நின்று எரியும் விறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் அமெரிக்காவில், வெர்மான்ட்டில் இருக்கிறாள். வீட்டில் விறகுக் கணப்புதான். போன மாதம் காற்றில் விழுந்த பைன் மரம் தோட்டத்தில் கிடக்கிறது. பைனை எரித்தால் புகைபோக்கியில் தார் படிந்து தீப்பிடிக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். "ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை, ஈர விறகு நின்று எரியும், சிக்கனம். ராத்திரி காற்றுத் துவாரத்தை மூடிவிடு" என்றேன் நான். யார் சொல்வது சரி?

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

மழை பிடித்துக்கொண்டதிலிருந்து ஈர விறகின் வாடை மூக்கிலேயே நிற்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

பக்கத்து வீட்டுக்காரரைச் சீக்கிரம் அனுப்பிவிடலாம். பின்லாந்திலும் சுவீடனிலும் காடு என்றாலே பெரும்பாலும் பைன், ஸ்புரூஸ், பிர்ச்தான். அதை எரித்துத்தான் தலைமுறைகளாகக் குளிர் காய்கிறார்கள். பைனின் பிசின் நல்ல சூட்டில் எரிந்துபோகும். புகைபோக்கியில் கறுப்பாக ஒட்டுகிற கிரியோசோட், எரியாத புகை குளிர்ந்து படிவது. ஓக் மரத்தை ஈரமாகப் போட்டாலும் படியும். எடைக்கு எடை எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே சூடுதான். அங்கே விறகை 128 கன அடி ஒரு 'கார்டு' என்று இடத்தை அளந்து விற்கிறார்கள், அதில் லேசான பைனுக்குக் கெட்ட பேர்.

எனக்குச் சண்டை உங்களோடுதான். நின்று எரியுமாம்! என் அப்பாவும் இதையேதான் சொல்வார். அவர் ஒருநாளும் அடுப்பு ஊதியதில்லை. மெட்ராஸில் அப்போது விறகுத்தொட்டியில் சவுக்குக் கட்டையை எடை போட்டுத் தருவார்கள். ஐப்பசி மாதத்தில் ஒரு மணங்கு வாங்கினால் அதில் தண்ணீருக்கும் சேர்த்தே காசு. அடுப்பில் வைத்ததும் கட்டையின் மறுமுனையில் நுரை தள்ளும். அம்மா ஊதுகுழலோடு குனிந்து, கண் சிவந்து, கடைசியில் ரேஷன் மண்ணெண்ணெயை ஊற்றுவாள். "பார், ரெண்டே கட்டையில் சமையல் முடிந்தது" என்பார் அப்பா, கூடத்தில் பேப்பருக்குப் பின்னாலிருந்து. மண்ணெண்ணெய்க் கணக்கை அவர் கேட்டதே இல்லை.

கணக்கை இப்போது நான் சொல்கிறேன். பச்சை மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். 10 கிலோவில் 5 கிலோ தண்ணீர் என்று வையுங்கள். அதை ஆவியாக்கவே, மீதி 5 கிலோ தரும் சூட்டில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். "அவ்வளவுதானே" என்றிருப்பார் அப்பா. பெரிய நஷ்டம் அதற்கு மேல்தான். விறகின் பெரும்பகுதி சூட்டில் வாயுவாகக் கிளம்பி, அந்த வாயுதான் சுவாலையாக எரிகிறது. அது முழுதாக எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் கட்டை நெருப்பை அந்த நிலைக்கு ஏற விடாது. வாயு எரியாமல் புகையாகப் போகிறது. அதாவது உங்கள் மகளின் விறகு கூரை வழியாக வெளியே போகிறது, போகிற வழியில் தாராகவும் படிகிறது. நீங்களும் ஈர விறகு ஊதியவர்தானே? உங்கள் கண் எரிந்ததை மறந்துவிட்டு, மகளுக்குப் போய் இந்தச் சொத்தை எழுதிவைக்கிறீர்களே, அம்மா!

துவாரத்தை மூடுவதும் இதே பேராசைதான்: காற்று இல்லாவிட்டாலும் வாயு எரியாமல் புகையாகத்தான் போகும். வேண்டாம்.

அவள் பைனை அறுத்து, பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றாட அடுக்கட்டும். பைனுக்கு ஒரு கோடை போதும். ஓக் என்றால் இரண்டு வருஷம்கூட ஆகும். ஈரம் பார்க்கும் சின்னக் கருவி கடையில் கிடைக்கும். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 20 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். இந்தக் குளிருக்குக் காய்ந்த விறகை விலைக்கு வாங்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துப் புகைபோக்கியைச் சுத்தம் செய்யட்டும், வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் இருக்கட்டும். செலவாகுதே அம்மா என்று போனில் புலம்புவாள். அப்போது தயவுசெய்து உங்கள் சிக்கனத்தை எடுத்துவிடாதீர்கள்.