டேங்கில் ஊற்றும் அந்த பாட்டில்

கேள்வி: என்னிடம் 2014 மாடல் வேகன் ஆர் இருக்கிறது, 68 ஆயிரம் கி.மீ. ஓடியிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது லேசாக உதறுகிறது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் "இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றிடவா சார்?" என்கிறார்கள். ஊற்றலாமா, இல்லை காசு பிடுங்கும் வேலையா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பாட்டிலில் விஷயம் இருக்கிறது சார். ஆனால் உங்கள் வண்டியின் உதறலுக்கு அதுதான் மருந்தா என்பது வேறு கேள்வி.

உங்களுடையது எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர். இன்ஜெக்டர், உள்ளே போகும் வால்வுக்குச் சற்று முன்னால் உட்கார்ந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. இன்ஜினை அணைத்ததும் இன்ஜெக்டர் நுனியில் ஒட்டியிருக்கும் துளி பெட்ரோல் அந்தச் சூட்டிலேயே காய்ந்து பிசினாகிவிடும். காலையில் மார்க்கெட், சாயங்காலம் டியூஷன் என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரம் சேரும். அந்தப் பிசினையும் வால்வின் பின்பக்கக் கரியையும் கரைப்பதில் பாலிஈதர் அமீன் (PEA) என்ற வேதிப்பொருள் கெட்டிக்காரன். வாங்கும்போது அது இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், படம் போட்ட ரேஸ் காரைப் பார்க்காதீர்கள்.

ஆனால் ஒன்று, பெட்ரோல் போகிற வழியைத்தான் இந்த மருந்து கழுவும். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடி அந்த வழியில் இல்லை, அங்கே காற்று மட்டும்தான். என் பழைய காரிலும் இதே உதறல் வந்தது, நான் அடுத்தடுத்து இரண்டு பாட்டில் ஊற்றிவிட்டு ஏதோ சரியாகிவிட்ட மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் மெக்கானிக் த்ராட்டில் பாடியைக் கழற்றி வெள்ளைத் துணியால் ஒரு துடை துடைத்துக் காட்டினார், வாணலியின் அடியைத் துடைத்த மாதிரி இருந்தது. அரை மணி நேர வேலை, உதறல் போயே போச்சு.

அதனால் முதலில் த்ராட்டில் பாடி, ஏர் ஃபில்டர், பிளக் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறமும் உதறினால் பாட்டில். ரிசர்வ் வரும் நேரத்தில் மருந்தை ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் நிரப்பினால் நன்றாகக் கலக்கும். எத்தனை லிட்டருக்கு என்று லேபிளில் இருக்கும், அதைத் தாண்டி ஊற்றினால் கூடுதல் சுத்தமெல்லாம் வராது. பிறகு ஒருமுறை திருச்சி வரை நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வாருங்கள். மருந்தில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலிலும் இறங்கும் என்பதால் ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்னால் இதைச் செய்வது நல்லது. 10 ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை போதும், ஒவ்வொரு சர்வீஸுக்கும் வேண்டாம்.

இன்னொன்று, இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் டேங்கின் பழைய அழுக்கைக் கிளப்பிவிட்டு ஃபில்டரை அடைக்கலாம், ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கலாம். "எத்தனால் பாதுகாப்பு" என்று விற்கிற பாட்டிலால் 2014-ஆம் வருட ரப்பர் ஹோஸ் புதிதாகிவிடாது, அதை மெக்கானிக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: என்னுடையது வென்யூ டர்போ பெட்ரோல். வால்வில் கரி சேரும் என்கிறார்களே, இதே கிளீனர் போதுமா? (வாசகி, கோவை)

பதில்: வால்வுக்குப் போதாதும்மா. உங்கள் இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது, உள்ளே வரும் வால்வின் முதுகில் ஒரு சொட்டுகூடப் படாது. படாத இடத்தை எது கழுவும்? இன்ஜெக்டர் நுனிக்கு மருந்து உதவும், அவ்வளவுதான். வால்வில் கரி நிஜமாகவே கெட்டிப்பட்டால் கழற்றித்தான் எடுக்க வேண்டும். வால்நட் ஓட்டைப் பொடித்து, காற்றழுத்தத்தில் அடித்து உதிர்க்கும் முறைகூட உண்டு. இழுவை நன்றாக இருக்கும்வரை அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: டீசல் வண்டியில் அரை லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றினால் லைன் சுத்தமாகும் என்று எங்கள் மாமா சொல்கிறார். அவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். (வாசகர், நாமக்கல்)

பதில்: மாமா ஓட்டிய காலத்து பம்ப் வேறு. இன்றைய காமன் ரெயில் (டீசலை அதிக அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு அனுப்பும் முறை) பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகெண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு குறைவு, உள்ளே உலோகத்தை உலோகம் தேய்க்கும். அதற்குப் பதிலாக டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள், ஃபில்டரைக் கெடு தப்பாமல் மாற்றுங்கள். மண்ணெண்ணெய் மாமா வீட்டிலேயே இருக்கட்டும்.