ஆம்ஸ்டர்டாமில் நண்பர்களுடன் சைக்கிள் சுற்றுலா: வழிகாட்டியை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் செப்டம்பரில் நான்கு நாள் பயணமாக ஆம்ஸ்டர்டாம் செல்கிறோம். வழிகாட்டியுடன் சைக்கிளில் நகரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆனால் எங்களில் ஒருவர் சைக்கிள் ஓட்டிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இன்னொருவரோ, வாடகைக்கு எடுத்து நாமே சுற்றினால் போதும் என்கிறார். எது சரி? எவற்றைக் கவனித்துப் பதிவு செய்ய வேண்டும்?

பதில்: இரண்டுமே சரிதான், வரிசைதான் முக்கியம். முதல் நாள் காலையில் வழிகாட்டியுடன் செல்லுங்கள். மீதி நாட்களுக்கு வாடகை சைக்கிள் எடுத்து நீங்களே சுற்றுங்கள். பெரும்பாலானோர் அருங்காட்சியகங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் கடைசி நாளில் இந்தச் சுற்றுலாவை வைத்துக்கொள்கிறார்கள். அது பெரிய இழப்பு என்பேன். வழிகாட்டி சொல்லும் கால்வாய் வரலாற்றைப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். அந்த ஊர்த் தெருக்களில் எப்படிச் செல்வது என்பதை அவர் பின்னால் ஓட்டித்தான் கற்றுக்கொள்ள முடியும்.

ஏனென்றால் அங்கே சைக்கிள் என்பது சாலையோரத்தில் ஒதுங்கிச் செல்லும் வாகனம் அல்ல. 1971-இல் நெதர்லாந்தில் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள். அதை எதிர்த்துப் பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடியதும், அடுத்து வந்த எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துதான் சைக்கிளுக்கெனத் தனிப் பாதைகள் பெருக வழிசெய்தன. சிவப்புத் தார் போட்ட அந்தப் பாதைகளில் அலுவலகம் செல்பவர், குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர், மின்சைக்கிளில் விரைபவர் என எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். அங்கே நின்று படம் எடுப்பது, நெடுஞ்சாலையின் நடுவே நின்று படம் எடுப்பதற்குச் சமம். பின்னால் மணி ஒலித்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம். நேராக ஓட்டியபடியே வலப்பக்கம் ஒதுங்குங்கள், அவர்கள் இடப்பக்கமாக முந்திச் செல்வார்கள். தரையில் வெள்ளை முக்கோணங்களின் கூர்முனை உங்களை நோக்கியிருந்தால், வழிவிட வேண்டியவர் நீங்கள். குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. டிராமுக்கு மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வழிவிட வேண்டும். சாலையின் இடப்பக்கம் செல்வதே பழக்கமானவர்கள் வளைவில் திரும்பும்போது தம்மை அறியாமல் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். முதல் ஒரு மணி நேரம் முன்னால் ஒருவர் சென்றால்தான் இந்தப் பழக்கம் மாறும்.

அடுத்தது பிரேக். வாடகை சைக்கிள்களில் பலவற்றில் கைப்பிரேக் இருக்காது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் வண்டி நிற்கும். இது தெரியாமல், இறக்கத்தில் பொழுதுபோக்காகப் பெடலைப் பின்னால் சுழற்றுபவரின் வண்டி சட்டென்று நின்றுவிடும். பின்னால் வரும் நண்பர் வந்து மோதுவார். கிளம்பும்போதும் இதே சிக்கல்தான். மிதிக்க வசதியாகப் பெடலைப் பின்னுக்குத் திருப்ப முடியாது. சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைச் சற்றே தூக்கி, பெடலைப் பாதத்தால் முன்னோக்கிச் சுழற்றி மேலே கொண்டுவந்துவிட்டு ஏற வேண்டும். பத்து முறை செய்தால் கைவந்துவிடும். ஆகவே, கிளம்பும் முன் ஒதுக்குப்புறமான இடத்தில் பதினைந்து நிமிடமாவது ஓட்டிப் பார்க்க விடுவார்களா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். நேரமில்லை என்று பதில் வந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். கைப்பிரேக் உள்ள வண்டி வேண்டுமென்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி, பதினைந்து ஆண்டு இடைவெளி விழுந்த நண்பர். சைக்கிள் மறக்காது என்பது உண்மைதான். ஆனால் மறக்காமல் இருப்பது சமநிலை மட்டுமே. ஒரு கையை நீட்டித் திரும்பும் திசையைக் காட்டிக்கொண்டே மறு கையால் ஹேண்டிலைப் பிடிப்பது, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, மெதுவாகச் செல்லும்போது தடுமாறாமல் இருப்பது ஆகிய மூன்றும் விட்டுப்போயிருக்கும். புறப்படும் முன் இரண்டு வாரமாவது இவற்றை மைதானத்தில் பழகச் சொல்லுங்கள். ஆம்ஸ்டர்டாம் போனபின் சீட்டின் உயரத்தை, உட்கார்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும்படி இறக்கிவிடச் சொல்லுங்கள். மிதிக்கச் சற்றுச் சிரமமாக இருக்கும்; ஆனால் பயம் போய்விடும். அவருடைய நிலையை வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். கூச்சப்பட்டு, 'எல்லோரும் நன்றாக ஓட்டுவோம்' என்று எழுதிக் கொடுத்த குழுக்கள் பாதி வழியில் திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன்.

பாதையையும் அவருக்கு ஏற்றபடியே தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது நகரின் மையம் அல்ல. மத்திய ரயில் நிலையத்தின் பின்புறத்திலிருந்து 'ஐ' (IJ) என்ற நீர்நிலையைக் கடக்கும் படகுகளில் கட்டணமில்லை, சைக்கிளோடு ஏறலாம். சில நிமிடங்களில் நகரின் வடபகுதியான நோர்டில் இறங்கிவிடுவீர்கள். அங்கிருந்து வாட்டர்லாந்து புல்வெளிகள் வழியாகவும், டுர்கர்டாம் போன்ற கரையோரக் கிராமங்கள் வழியாகவும் செல்லும் பாதைகள் சமதளமானவை, நெரிசல் குறைந்தவை. காற்று மட்டும் எதிர்த்து வீசும். அங்கே கை பழகியபின் நகருக்குள் ஃபோண்டல் பூங்காவையும், ரைக்ஸ் அருங்காட்சியகக் கட்டடத்தின் அடியிலேயே செல்லும் சைக்கிள் வழியையும் வைத்துக்கொள்ளலாம். கூரை வளைவுகளுக்குக் கீழே, இருபுறமும் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே ஓட்டிச் செல்லும் அந்த ஒரு நிமிடத்தைத் தவறவிடாதீர்கள்.

ஐந்து பேர் இருப்பதால், கூட்டுச் சுற்றுலாவை விட உங்களுக்கென்றே தனி வழிகாட்டி அமர்த்துவது நல்லது. தலைக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் கட்டுப்படியாகும். பழக்கம் விட்டுப்போன நண்பரை வழிகாட்டிக்கு அடுத்து இரண்டாவதாக விடுங்கள். நன்றாக ஓட்டுபவர் பளிச்சென்ற நிறத்தில் சட்டை அணிந்து கடைசியாக வரட்டும். வழிகாட்டி திரும்பிப் பார்க்கையில் அந்த நிறம் தெரிந்தாலே குழு முழுதாக வருகிறது என்று பொருள். சிக்னலில் பாதிப் பேர் பிரிந்துவிட்டால் பிடிக்க விரைய வேண்டாம். முன்னே சென்றவர்கள் காத்திருப்பார்கள் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்நகரில் என்னை இன்றும் பதற வைப்பது டிராம் தண்டவாளம்தான். சைக்கிள் சக்கரம் அந்தப் பள்ளத்தில் சரியாகப் புகுந்துகொள்ளும், புகுந்தால் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. தண்டவாளத்தை எப்போதும் ஏறக்குறைய செங்குத்தாகவே கடக்க வேண்டும். மழையில் அது வழுக்கும் என்பதால், சந்தேகம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள்.

பிறகு நீங்களாகச் சுற்றும் நாட்களுக்குச் சில குறிப்புகள். 2019 ஜூலை 1 முதல் சைக்கிள் ஓட்டும்போது கைபேசியைக் கையில் வைத்திருப்பது குற்றம். வழி பார்க்க ஹேண்டிலில் பொருத்தும் தாங்கி வாங்கிக்கொள்ளுங்கள். மது அருந்தியோருக்கான கட்டுப்பாடு சைக்கிளுக்கும் பொருந்தும். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். சாதாரண சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. ஆயினும் உங்கள் நண்பர் அணியட்டும். உங்கள் பயணக் காப்பீடு சைக்கிள் விபத்தை ஏற்குமா, திருட்டுப் போனால் வாடகை நிறுவனத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துவிடுங்கள். திருட்டு அங்கே அன்றாடம் நடப்பது. பின்சக்கரத்தோடு இணைந்த வளையப் பூட்டை மட்டும் போட்டுவிட்டுச் செல்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வண்டியை அப்படியே தூக்கிச் சென்றுவிடலாம் அல்லவா? சங்கிலிப் பூட்டை முன்சக்கரத்தின் வழியாகவும் சட்டகத்தின் வழியாகவும் கோத்து, நிறுத்துமிடத்தின் இரும்புக் கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். வளையப் பூட்டின் சாவி, பூட்டியபின்தான் வெளியே வரும். ஆகவே சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு நகருங்கள்.