சம்பளம் ஒன்றுதான், ஆட்ட நாள்தான் வேறு

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இடது கை சுழல் பந்து வீசுவாள். மாவட்ட அணியில் இருக்கிறாள். "இப்போ கிரிக்கெட்டுல ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே சம்பளம். டியூஷனை நிறுத்திட்டு முழு நேரமா அனுப்புங்க" என்கிறார் அகாடமி கோச். வீட்டுக்காரர் தயங்குகிறார். சம்பளம் உண்மையிலேயே ஒன்றுதானா? நம்பி இறங்கலாமா?
ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கோச் சொன்னது பொய் இல்லை அம்மா. பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியை நாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் வீட்டுக்காரரையும் பேனாவோடு பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

2022 அக்டோபர் 27 அன்று இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ அறிவித்தது இதுதான்: இந்திய அணிக்கு ஆடும் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே மேட்ச் ஃபீஸ். டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். நல்ல முடிவு, சந்தேகமே இல்லை. ஆனால் மேட்ச் ஃபீஸ் என்பது மாதச் சம்பளம் மாதிரி வருவதில்லை. கிட்டத்தட்ட நாள்கூலி மாதிரி. ஆட்டம் இருந்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை. 2024ஆம் ஆண்டில் இந்திய ஆண்கள் அணி ஆடிய டெஸ்ட்டுகள் 15. பெண்கள் அணி ஆடியது ஒன்றே ஒன்று. அதுவும் நம்ம சேப்பாக்கத்தில்தான் நடந்தது, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. ஷஃபாலி வர்மா 205 அடித்தார், இந்தியா 6 விக்கெட்டுக்கு 603 எடுத்து டிக்ளேர் செய்தது. அந்த அணியில் இருந்தவருக்கு அந்த வருட டெஸ்ட் வருமானம் 15 லட்சம். எல்லா டெஸ்டிலும் ஆடிய ஆண் ஒருவர் இருந்தால் அவருக்கு 2.25 கோடி. விகிதம் ஒன்று, தொகை பதினைந்து மடங்கு வித்தியாசம்.

மேட்ச் ஃபீஸுக்கு மேல் வருட ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. அதில் சமம் என்று யாரும் சொல்லவே இல்லை. 2024-25 பட்டியலில் பெண்களுக்கான முதல் பிரிவு 50 லட்சம், அடுத்தவை 30, 10 லட்சம். ஆண்களுக்கு மேலே இருந்து 7 கோடி, 5 கோடி, 3 கோடி, 1 கோடி. அதாவது ஆண்களின் கடைசிப் படி, பெண்களின் முதல் படியைப் போல இரண்டு மடங்கு. "ஒரே சம்பளம்" என்று செய்தி படிக்கும்போது எந்தச் சம்பளம் என்று கேட்டுப் பழகுங்கள்.

இதெல்லாம் இந்திய அணிக்கு. உங்கள் மகள் முதலில் போய் நிற்கப்போவது மாநில அணி வாசலில். அங்கேதான் கணக்கு நமக்கு முக்கியம். 2025 டிசம்பர் வரை சீனியர் பெண்களுக்கு உள்நாட்டு ஒருநாள் ஆட்டத்துக்கு 20,000 ரூபாய்தான். இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற கையோடு அதை 50,000 ஆக்கினார்கள். டி20 என்றால் 25,000. பதினொருவரில் இடம் கிடைக்காமல் வெளியே உட்கார்ந்திருந்தால் இதில் பாதி. 19 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு ஒருநாள் ஆட்டத்துக்கு 25,000, வெளியே இருந்தால் 12,500.

ஒரு சீசனில் லீக் சுற்றில் ஏழு ஒருநாள் ஆட்டம், ஏழு டி20 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் ஆடினால் மூன்றரை லட்சமும் ஒன்றே முக்கால் லட்சமும் சேர்ந்து 5,25,000. வெளியிலேயே உட்கார்ந்தால் 2,62,500. பக்கத்து வீட்டுப் பையன் அதே தமிழ்நாட்டு அணியில் புதிதாகச் சேர்ந்தவன் என்றால், 2021இல் நிர்ணயித்த விகிதப்படி அவனுக்கு நாளுக்கு 40,000. உங்கள் மகளைவிடக் குறைவு! ஆனால் அவனுக்கு ரஞ்சி இருக்கிறது, அதாவது மாநில அணிகள் மோதும் பல நாள் ஆட்டத் தொடர். ஏழு லீக் ஆட்டம், ஒவ்வொன்றும் நான்கு நாள், ஆக 28 நாள். அதிலேயே 11,20,000 வந்துவிடும். ஒருநாள் போட்டியும் டி20யும் சேர்த்தால் 15 லட்சத்தைத் தாண்டும். பெண்களுக்கு மாநில அளவில் ரஞ்சி மாதிரி நீண்ட தொடர் இல்லை. அதனால்தான் அன்றாட விகிதம் கூடுதலாக இருந்தும் சீசன் முடிவில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வருகிறது. பெண் கிரிக்கெட்டில் இன்றைய சண்டை இதுதான் என்பது என் கருத்து: ரேட் கூடியாயிற்று, நாள் கூடவேண்டும்.

அடுத்து எல்லோரும் சொல்வது டபிள்யூபிஎல், ஐபிஎல் மாதிரி பெண்களுக்கான டி20 லீக். 2023இல் ஸ்மிருதி மந்தனாவை பெங்களூரு 3.4 கோடிக்கு எடுத்தது. 2024 டிசம்பர் ஏலத்தில் நம்ம தமிழ்நாட்டுப் பெண் ஜி. கமலினி, 16 வயதில், 10 லட்சம் அடிப்படை விலையில் தொடங்கி 1.6 கோடிக்கு மும்பைக்குப் போனார். ஆனால் 2026 சீசனுக்கு அதே அணி அவரைத் தக்கவைத்தபோது தொகை 50 லட்சம். அவர் ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போது அவர் இந்தியாவுக்கு ஆடியிருக்கவில்லை, அப்படிப்பட்டவரைத் தக்கவைக்க அவ்வளவுதான் விலை. ஏலத் தொகை நிரந்தர வருமானம் ஆகாது. இடமும் குறைவு: ஐந்து அணி, ஒரு அணிக்கு அதிகபட்சம் 18 பேர், அதில் ஆறு பேர் வரை வெளிநாட்டினர். கணக்குப் பார்த்தால் நாடு முழுக்க இந்தியப் பெண்களுக்குச் சுமார் 60 இடம். ஐபிஎல்லில் பத்து அணிகள், இந்திய ஆண்களுக்கு 170 இடம் வரை உண்டு.

இடைவெளி ஏன் என்று உங்கள் மகள் கேட்பாள், பதில் வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூபிஎல்லின் முதல் ஐந்து வருட ஒளிபரப்பு உரிமை 951 கோடிக்குப் போனது. ஐபிஎல்லின் ஐந்து வருட உரிமை 48,390 கோடி. லீக் சம்பளம் இந்தப் பானையிலிருந்துதான் வருகிறது. ஆனால் பரிசுப் பணம் அப்படி இல்லை, அது நடத்துகிற அமைப்பின் முடிவு. 2025 உலகக் கோப்பையை வென்ற இந்தியப் பெண்களுக்கு உலக கிரிக்கெட் அமைப்பான ஐசிசி கொடுத்தது 44.8 லட்சம் டாலர். 2023இல் ஆண்கள் கோப்பையை வென்ற ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்தது 40 லட்சம் டாலர்.

தனிநபர் ஆட்டங்களில் இந்தச் சண்டை முன்பே நடந்து முடிந்துவிட்டது. டென்னிஸில் அமெரிக்க ஓபன் 1973இலேயே பரிசைச் சமமாக்கியது, விம்பிள்டனுக்கு 2007 வரை ஆயிற்று. சென்னை ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கல் பரிசு சமமில்லை என்று தேசியப் போட்டியை 2012 முதல் நான்கு வருடம் புறக்கணித்தார். 2015இல் ஆண் சாம்பியனுக்கு 1,20,000, பெண்ணுக்கு 50,000. மறு வருடம் சமமாக்கிய பிறகு வந்து ஆடினார், பட்டத்தையும் தட்டிச் சென்றார். குழு ஆட்டமான ஹாக்கியில் அப்படி இல்லை: 2025இல் தொடங்கிய பெண்கள் லீக்கில் ஓர் அணி ஏலத்தில் செலவிடக்கூடிய பணம் 2 கோடி, ஆண்கள் அணிக்கு 4 கோடி. பணத்துக்காக ஆட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. கிரிக்கெட்டில் கையிருக்கிற பிள்ளையை ஸ்குவாஷ் கோர்ட்டில் கொண்டுபோய் விடுவது வீண் வேலை.

சரி, வீட்டில் செய்யவேண்டியதற்கு வருவோம்.

முதலில் பந்து. நாளைக் காலையில் அவள் பயிற்சி செய்யும் பந்தைச் சமையல்கட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள். பெண்கள் ஆட்டத்தில் பந்தின் எடை 140 முதல் 151 கிராம். ஆண்கள் பந்து 156 முதல் 163. சுற்றளவிலும் பெண்கள் பந்து சிறியது. பையன்களோடு சேர்த்துப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் ஒரே பந்தைத்தான் எல்லோருக்கும் போடுவார்கள். பையன்களோடு ஆடுவது நல்லதுதான், கை பழகும். ஆனால் சுழல் பந்து வீசுகிறவளுக்கு விரல் பிடிதான் எல்லாம். பெரிய பந்திலேயே பழகிவிட்டுத் தேர்வுக்குப் போனால் சின்னப் பந்து கையில் நிற்காது, ஃபுல்டாஸாகப் போகும். வாரத்தில் பாதி நாளாவது சரியான பந்தில் வீசச் சொல்லுங்கள். பந்து வாங்கித் தர மறுக்கிற அகாடமி பெண்களைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று பொருள்.

பிறகு வயது. 15 வயதுக்கு உட்பட்ட தேர்வுகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்ப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளி ரெக்கார்டில் வேறு தேதி என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். "ஒரு வயசு குறைச்சுப் போட்டுக்கலாம்" என்று யார் யோசனை சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். பிடிபட்டால் இரண்டு வருடத் தடை. 14 வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருடம் போனால் ஜூனியர் கிரிக்கெட்டே போய்விடும்.

மூன்றாவது, காகிதம். பெற்றோர்கள் அதிகம் கோட்டை விடுகிற இடம். பெண் கிரிக்கெட்டில் பலருக்கு நிலையான வருமானம் லீக்கிலிருந்து வருவதில்லை, வேலையிலிருந்து வருகிறது. ரயில்வே அணி உள்நாட்டுப் பெண்கள் கிரிக்கெட்டில் இத்தனை வருடம் கோலோச்சியதற்குக் காரணமே அது வீராங்கனைகளுக்கு வேலை கொடுத்ததுதான். அங்கே மாதச் சம்பளத்தில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, பொறியியல் கலந்தாய்விலும் 500 இடம் உண்டு. இதற்கெல்லாம் கேட்பது கோப்பையை இல்லை, சான்றிதழை. மத்திய அரசு வேலைக்கு நாட்டுக்கு ஆடியிருந்தால் படிவம் 1, மாநிலத்துக்கு ஆடி தேசியப் போட்டியில் கலந்துகொண்டால் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, பள்ளிகளின் தேசியப் போட்டிக்குப் படிவம் 4. படிவம் 2இல் கையெழுத்துப் போடவேண்டியவர் மாநிலச் சங்கச் செயலாளர், கோச் இல்லை. ஆட்டம் முடிந்த அதே சீசனில் வாங்கிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துப் போனால் ஸ்கோர்ஷீட்டைத் தேடி அலையவேண்டும். "தேசிய அளவிலான போட்டி" என்று பேனர் கட்டி ஆளுக்கு ஐயாயிரம் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு நடத்துகிற தனியார் போட்டிகளின் சான்றிதழ் எந்த ஒதுக்கீட்டுக்கும் உதவாது. அந்தப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள், முட்டி பிழைக்கும். முட்டித் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், ஒருமுறை கிழிந்தால் ஒரு சீசன் போயிற்று. வாரம் இரண்டு நாள் கால் வலுப் பயிற்சி தருகிறார்களா என்று அகாடமியில் கேளுங்கள்.

பணம் வர ஆரம்பித்தால்: அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கும் பான் கார்டும் வேண்டும், 18 ஆகாவிட்டாலும் எடுக்கலாம். மேட்ச் ஃபீஸில் 10 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொண்டுதான் வரும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பும். சிறுமி தன் திறமையால் சம்பாதிப்பது பெற்றோர் வருமானத்தோடு சேராது, அது அவள் கணக்கு. 18 வயது வரை ஒப்பந்தத்தில் நீங்கள்தான் கையெழுத்திடுவீர்கள். அதனால் ஏஜென்ட் யாராவது வந்தால் மூன்றைப் பாருங்கள்: எத்தனை வருடம், எத்தனை சதவீதம், அவர் கொண்டுவராத பணத்திலும் பங்கு கேட்கிறாரா. மேட்ச் ஃபீஸிலும் அரசுப் பரிசிலும் பங்கு கேட்பவரை அனுப்பிவிடுங்கள்.

படிப்பு. பெண்கள் சீசன் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஓடும். நம் பொதுத்தேர்வும் மார்ச்சில்தான். பிளஸ் ஒன்னில் செய்முறை வகுப்பு அதிகமுள்ள பாடப்பிரிவு எடுத்தால் வருகைப் பதிவில் இடிக்கும். வணிகவியல் பிரிவு சுலபம், பிறகு பட்டப்படிப்புக்கும் வங்கி, ரயில்வே தேர்வுக்கும் உதவும். ஆடுவதை விட்ட பிறகும் மைதானத்தில் வேலை உண்டு. 2023 ஜனவரியில் ரஞ்சி டிராபியில் முதன்முதலாக நடுவராக நின்ற மூன்று பெண்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த ஜனனி.

டியூஷனை இப்போது நிறுத்த வேண்டாம். பயிற்சியைக் காலையில் வைத்துக்கொண்டு மாலை டியூஷன் போகட்டும். பத்தாம் வகுப்பு முடிகிறபோது மாநில முகாமுக்கு அழைப்பு வந்திருந்தால் மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். வரவில்லை என்றால் 19 வயதுப் பிரிவு வரை இரண்டையும் ஓட்டலாம், அதற்குள் தெரிந்துவிடும். கோச்சிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: உங்கள் அகாடமியிலிருந்து கடந்த மூன்று வருடத்தில் மாநில அணிக்குப் போன பெண்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை ஆட்டம் ஆடினார்கள்? பெயரும் எண்ணிக்கையும் சொன்னால் அவரை நம்பலாம்.