249 கிராம் ட்ரோனா, பழைய பெரிய ட்ரோனா?

கேள்வி: பயணங்களில் படமெடுக்க ட்ரோன் வாங்கப் போகிறேன். புதிய 249 கிராம் மாடலின் விலைக்கே, அதைவிட நல்ல கேமரா உள்ள 900 கிராம் ட்ரோன் ஒன்று செகண்ட்ஹேண்டில் கிடைக்கிறது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எதை வாங்கினால் பணம் வீணாகாது?

பதில்: 249 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா என்று பல இடங்களில் 250 கிராமில்தான் விதிகளின் ஒரு கோடு விழுகிறது. கம்பெனிகள் ஒரு கிராம் தள்ளி நின்றுகொண்டன. 2019-இல் டிஜேஐ என்ற சீன ட்ரோன் கம்பெனி விட்ட மாவிக் மினி 249 கிராம். ஜப்பானில் அப்போது கோடு 200 கிராம் என்பதால், அங்கே மட்டும் சின்ன பேட்டரி போட்டு 199 கிராமில் விற்றார்கள். பறக்கும் நேரம் 30 நிமிடத்திலிருந்து 18 ஆனது. 2022 ஜூனில் ஜப்பான் அந்தக் கோட்டையே 100 கிராமுக்கு இறக்கியது. 12 நிமிடத்தை விட்டுக்கொடுத்து வாங்கியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்! பிரிட்டனிலும் 2026 ஜனவரியிலிருந்து 100 கிராமோ அதற்கு மேலோ உள்ள ட்ரோனை ஓட்டவே தேர்வெழுதி ஐடி வாங்க வேண்டும். ஆகவே எடையை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

சரி, அந்த 900 கிராம்? விலை இறங்கியதற்கு வயது மட்டுமே காரணமாக இருக்காது. ஐரோப்பாவில் 2024 ஜனவரி 1 முதல், வகுப்பு முத்திரை (ட்ரோன் எந்த வகுப்பு என்று காட்டும் சி1, சி2 போன்ற ஐரோப்பியக் குறி) இல்லாத 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களைப் பொதுவாக ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டர் தள்ளித்தான் பறக்கவிடலாம். ஊர் சுற்றிப் படமெடுக்க நினைப்பவருக்கு அது எதற்கு? அமெரிக்காவில், பதிவு தேவைப்படும் ட்ரோன் பறக்கும்போதே தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். ரிமோட் ஐடி என்பது இதுதான். அந்த வசதி இல்லாத பழைய ட்ரோனுக்குத் தனிக் கருவி வாங்கி ஒட்ட வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், பயணத்துக்கு 249 கிராமே போதும். ஆனால் கூடவே விற்கும் பெரிய பேட்டரியைப் போட்டால் சில மாடல்கள் 250-ஐத் தாண்டிவிடும், சலுகையும் போய்விடும். அப்புறம், 250-க்குக் கீழே எல்லாமே இலவசம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். ஐரோப்பாவில் கேமரா இருந்தாலே உரிமையாளர் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் தொழிலுக்குப் பயன்படுத்தினால் எடை எதுவானாலும் ட்ரோனைப் பதிய வேண்டும்.

இல்லை, பெரியதுதான் வேண்டும் என்றால், பணம் கொடுக்குமுன் இரண்டு பாருங்கள்: உடலில் சி1, சி2 என்று முத்திரை இருக்கிறதா, விற்பவர் கம்பெனி ஆப்பில் உள்ள தன் கணக்கிலிருந்து ட்ரோனை விடுவித்துவிட்டாரா. இரண்டாவதை அவர் எதிரிலேயே உங்கள் போனில் இணைத்துச் சரிபாருங்கள்.