வண்டி எங்கே நிற்கும்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

காங்கேயத்தில் அரிசி ஆலை நடத்திவந்தேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். சிறுவயது ஆசை ஒன்றை 62 வயதில் தீர்த்துக்கொள்ளலாம் என்று மாடி அறையில் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை போட்டு, எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காக, மாதிரி ரயில்பாதை ஒன்றை அமைத்திருக்கிறேன். 22 அங்குல ஆரமுள்ள வளைவுகளுடன் ஒரு நீள்வட்டம், நேர்ப்பகுதியில் பிரிந்து போய் மறுபடி சேரும் ஒரு லூப் லைன், சுவரோர மூலையில் ஒரு மலைக்குகை. ஐந்து பெட்டி கொண்ட பயணிகள் வண்டி ஒன்றும் கூட்ஸ் வண்டி ஒன்றும் இருக்கின்றன. முழு வேகத்தில் விட்டால் 12 விநாடியில் ஒரு சுற்று வந்துவிடும்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் முதல் பத்து நாள் மாடியை விட்டு இறங்கவில்லை. பதினோராம் நாள், “ஓடுது தாத்தா, ஓடிட்டே இருக்குது” என்று சொல்லிவிட்டுக் கீழே போனவன்தான். எனக்கும் உள்ளூர அலுப்பாகத்தான் இருக்கிறது. டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாறினால் சுவாரசியம் கூடுமா? அடுத்து எந்த எஞ்சினை வாங்கலாம்? இரண்டாவது அடுக்கு கட்டி, ஊட்டி ரயிலைப்போல வண்டியை மேலே ஏற்றலாமா? தங்கள் மாமா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

எஸ்., காங்கேயம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வருவதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு ரயிலில் போனேன். மீட்டர் கேஜாக இருந்த அந்தப் பாதையில், உடுமலைப்பேட்டையைத் தாண்டி, என் மாமா வேலை பார்த்த சிறிய ஸ்டேஷன் வரும் என்று கதவருகே போய் நின்றேன். நாங்கள் போன வண்டி அங்கே நிற்கவில்லை. வேப்பமரங்களும் ஒரு பெயர்ப்பலகையும் வந்தன, போயின. ஊர் திரும்பிய பிறகும் அந்த நிற்காமை உறுத்திக்கொண்டிருந்த வேளையில், உங்கள் பேரன் சொன்ன வாக்கியத்தைப் படித்தேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளையும்விட அந்தப் பையன் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. அவன் குறை சொல்லவில்லை, கண்டதைத்தான் சொன்னான். ஓடிக்கொண்டே இருக்கிற ஒன்றின் அருகில் மனிதனுக்கு வேலையில்லை. காங்கேயத்துக்காரரான உங்களுக்குச் செக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காளை எவ்வளவு அழகாக இருந்தாலும், அது செக்கைச் சுற்றுவதை யாரும் பத்து நாளைக்கு மேல் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். டிஜிட்டல் கட்டுப்பாடு நல்ல வசதிதான், ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டலாம். ஆனால் அலுப்பை டிஜிட்டலாக்கினாலும் அது அலுப்புதான். புதிய எஞ்சின் இப்போது வேண்டாம். இருக்கிற எஞ்சினுக்கே வேலை கொடுக்காத முதலாளி இன்னொருவரைச் சம்பளத்துக்கு எடுப்பதை, ஆலை நடத்திய நீங்கள் ஒப்புக்கொள்ளமாட்டீர்கள். நம் அகலப்பாதையை 87இல் ஒன்றாகச் சுருக்கினால் தண்டவாளங்களின் இடைவெளி 19 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும், கிடைப்பதோ 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம்தான் என்று கண்ணீர் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஊட்டி ரயில் கேள்வியை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் கொங்குநாட்டில் மாதிரி ரயில் வைக்க நினைக்கும் எவரும் முதலில் விழும் பள்ளம் அது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏறுகிற பாதை அது. தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்து, எஞ்சினைக் கீழ்ப்புறம் வைத்துப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றுகிறார்கள். உங்கள் டீசல் எஞ்சினுக்குப் பல்சக்கரம் கிடையாது, நூற்றுக்கு மூன்று ஏறினாலே அது மூச்சு வாங்கும். ஒரு பாதைக்கு மேலே இன்னொரு பாதை போக 8 சென்டிமீட்டராவது உயர வேண்டும். நூற்றுக்கு மூன்று என்ற ஏற்றத்தில் அதற்கு ஏறத்தாழ 2.7 மீட்டர் தண்டவாளம் தேவை, இறங்குவதற்கு இன்னொரு 2.7 மீட்டர். உங்கள் நீள்வட்டத்தின் மொத்தச் சுற்றளவே சுமார் 6 மீட்டர். ஆக, வண்டி ஏறும், ஏறி முடித்ததும் இறங்கும், வேறொன்றும் செய்யாது. மலைதான் வேண்டுமென்றால், மலை தொடங்கும் இடமான மேட்டுப்பாளையத்தைச் செய்யுங்கள். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் அங்கே வந்து முடிகிறது. இழுத்து வந்த எஞ்சின் முன்னால் பாதையில்லாமல் மாட்டிக்கொள்கிறது. அதைக் கழற்றி, பக்கத்து லைன் வழியாகச் சுற்றவிட்டு, மறுமுனையில் கோர்த்தால்தான் அந்த வண்டிக்குத் திரும்பிப் போகும் வழி. அதற்குள் பயணிகள் பெட்டி படுக்கையோடு மலை ரயிலுக்கு ஓடுகிறார்கள். ஏறுகிற நூறு வளைவுகளைவிட இந்த ஒரு ஸ்டேஷனில் செய்வதற்கு அதிக வேலை இருக்கிறது.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்டியாக வேண்டும். ஐந்து பெட்டி வண்டி ஓட்டுவதாகப் பெருமையோடு எழுதுகிறீர்கள். லூப் லைனும் போட்டிருக்கிறீர்கள். அந்த லூப்பில் அந்த வண்டி நிற்குமா என்று ஒருநாளாவது அளந்து பார்த்தீர்களா? எட்டடிப் பலகையில் இரு முனைகளிலும் 22 அங்குல வளைவுகள் போக, நேர்ப்பகுதியாக மிஞ்சுவது சுமார் 122 சென்டிமீட்டர். அதில் லூப் பிரியும் இடத்திலும் சேரும் இடத்திலும் உள்ள இரண்டு பாயிண்ட்டுகள் ஆளுக்கு 23 சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டால், ஒரு வண்டி இன்னொரு வண்டிக்கு இடைஞ்சலில்லாமல் நிற்கக்கூடிய இடம் 76 சென்டிமீட்டர்தான். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டி ஒன்றின் நீளம் 21.3 மீட்டர், உங்கள் அளவில் அது 24.5 சென்டிமீட்டர். எஞ்சினுக்கு 20 என்றால், அந்த லூப்பில் எஞ்சினும் இரண்டு பெட்டிகளும்தான் அடங்கும். உங்கள் ஐந்து பெட்டி வண்டியின் நீளம் 142 சென்டிமீட்டருக்கு மேல். அது ஓடலாம், நிற்க முடியாது. நிற்க முடியாத வண்டியை வாங்கிவிட்டு, ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று என்னிடம் கேட்கிறீர்கள். மாதிரி ரயில்பாதையில் வண்டியின் நீளத்தை முடிவு செய்வது கடைக்காரர் அல்ல, லூப் லைன்.

அந்தப் 12 விநாடிக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 6 மீட்டரை 12 விநாடியில் கடந்தால், நிஜ அளவில் அது மணிக்கு ஏறத்தாழ 155 கிலோமீட்டர். ஊத்துக்குளிக்கும் திருப்பூருக்கும் இடையில் எந்த வண்டியையாவது அந்த வேகத்தில் பார்த்திருக்கிறீர்களா? மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்து ஓட்டினால், அதே சுற்றுக்கு 47 விநாடி ஆகும். அறை திடீரென்று நான்கு மடங்கு பெரிதாகிவிடும், ஒரு பைசா செலவில்லாமல்.

நான் கோடை விடுமுறைகளைக் கழித்த மாமாவின் ஸ்டேஷனில் மொத்தம் மூன்று லைன்கள்: மெயின் லைன், லூப் லைன், வேகன்களை ஒதுக்கி நிறுத்தக் குட்டியாக ஒரு கூட்ஸ் சைடிங். இருபுறமும் கைகாட்டி மரங்கள். ஒற்றைப் பாதை என்பதால், பழனிப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்துகொண்டிருந்தால் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த வண்டி கிராசிங்குக்காகக் காத்திருக்க வேண்டும். சில நாள் இருபது நிமிடம், சில நாள் அதற்கும் மேல். எஞ்சின் பெருமூச்சு விட்டபடி நிற்கும். டிரைவர் இறங்கி வந்து முகம் கழுவுவார். வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மாள் ஜன்னல் ஜன்னலாகப் போவார். தண்டவாளத்தின் மேல் கானல் நெளியும். பிறகு எங்கோ தொலைவில் ஒரு விசில் கேட்கும். நின்றிருந்த அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். ஓடும் ரயிலை நான் எத்தனையோ முறை வேடிக்கை பார்த்திருக்கிறேன், ஒன்றும் நினைவில் இல்லை. நின்றுகொண்டிருந்த ரயில்கள் எல்லாம் நினைவிருக்கின்றன.

மாமாவின் அறையில் டோக்கன் கருவி இருந்தது. அடுத்த ஸ்டேஷனை மணியடித்துக் கேட்டு, அங்கிருப்பவர் சம்மதம் கொடுத்தால்தான் அதிலிருந்து ஓர் எஃகு உருண்டை கடகடவென்று உருண்டு வந்து விழும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது அடுத்த ஸ்டேஷன் கருவிக்குள் போய்ச் சேரும்வரை இரு பக்கத்திலும் இன்னொன்று வராது. அதனால் அந்தப் பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்க முடியும். உருண்டையைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். ஒருமுறை அந்தப் பையைப் பிரித்து உருண்டையைக் கையில் எடுத்துவிட்டேன். உள்ளங்கை நிறைய, வெயில் காலத்திலும் குளிர்ச்சியாக, தோல் வாடையோடு இருந்தது. மாமா அடிக்கவில்லை. என் கையிலிருந்து அதை வாங்கி மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டே, “இது உன் கையில இருந்தா வண்டி நிக்கும் கண்ணு, டிரைவர் கையில இருந்தாத்தான் போகும்” என்றார். அப்புறம் என்னையே அழைத்துக்கொண்டு போய் டிரைவரிடம் வளையத்தை நீட்டச் சொன்னார். டிரைவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு எனக்குத் தலையசைத்தார். அவ்வளவு பெரிய எஞ்சின் நான் கொடுத்த ஒன்றுக்காகக் கிளம்பியது.

உங்கள் பேரனுக்குக் கிடைக்காதது இதுதான். ஆகவே செலவில்லாத ஒரு யோசனை. ஒரு கோலிக்குண்டையும் ஒரு சுருக்குப்பையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீள்வட்டத்தில் லூப் இருக்கும் பக்கத்தை ஸ்டேஷன் என்றும், மற்றதை அடுத்த ஊர் வரையிலான பாதை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கோலி கையில் இல்லாமல் எந்த வண்டியும் அந்தப் பாதைக்குள் நுழையக் கூடாது. கோலியைக் கொடுப்பது பேரன், வண்டியை ஓட்டுவது நீங்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அவன்தான், நீங்கள் முன்னாள் முதலாளி என்பதெல்லாம் அங்கே செல்லாது. மூன்று பெட்டியைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, இரண்டு பெட்டியோடு வண்டியை லூப்பில் நிறுத்தி, கூட்ஸ் வண்டிக்கு வழிவிட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஃபிராங்க் எலிசன் என்ற மாதிரி ரயில்காரர் 1940களிலேயே இதை நாடகத்தோடு ஒப்பிட்டு எழுதினார்: தண்டவாளம் மேடை, வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை. உங்கள் மாடியில் மேடையும் இருக்கிறது, நடிகர்களும் இருக்கிறார்கள்.

கதைக்கு இரண்டாவது அங்கம் வேண்டுமென்றால் ஷண்டிங், அதாவது வேகன்களைக் கழற்றி வரிசை மாற்றிக் கோர்க்கும் வேலை. இங்கிலாந்தின் ஆலன் ரைட் அமைத்த இங்கிள்நூக் சைடிங்ஸ் என்ற புதிர் உலகெங்கும் மாதிரி ரயில்காரர்களைப் பைத்தியமாக அடித்துவருகிறது. இரண்டே பாயிண்ட்டுகள். ஒரு சைடிங்கில் ஐந்து வேகன்கள் வரை நிற்க இடம், மற்ற இரண்டில் மும்மூன்றுக்கு இடம். எஞ்சின் முன்னும் பின்னும் போக, அதுவும் மூன்று வேகன்களும் மட்டுமே அடங்கும் ஒரு முட்டுப்பாதை. எட்டு வேகன்களுக்கு எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி, ஐந்தை எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகன்களையும் நீள சைடிங்கில் கோர்க்க வேண்டும். வரக்கூடிய வரிசைகள் 6,720. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என் வேகன் உங்கள் அளவில் 12 சென்டிமீட்டர் சொச்சம்தான், ஆறடிப் பலகையில் மொத்தப் புதிரும் அடங்கிவிடும். வேகன்களைக் கழற்ற மூங்கில் குச்சியின் கூர்முனை போதும். இதில் முட்டாள்தனமாக ஓட்டினாலும் வண்டி போய்ச் சேரும், இருமடங்கு அசைவுகள் ஆகும், அவ்வளவுதான். அந்த இருமடங்கைக் குறைக்கத்தான் பையன் மறுநாளும் மாடியேறுவான்.

பலகையை எதிர்காலத்தில் பிரிக்கிற எண்ணம் வந்தால், சுவரோரமாக ஒன்றரை அடி அகலத்தில் நீளவாக்கில் கட்டுங்கள். ஒரு முனையில் ஸ்டேஷன், மறுமுனையில் ஒரு தடுப்புக்குப் பின்னால் மூன்று நான்கு லைன்கள் கொண்ட மறைவான யார்டு. தடுப்புக்கு அந்தப் பக்கம் போன வண்டி ஈரோட்டுக்குப் போய்விட்டதாக அர்த்தம். கூட்ஸ் சைடிங் ஒன்றையாவது, வண்டி வரும் திசைக்கு எதிரே வாய் திறந்திருக்கும்படி வையுங்கள். முன்னாலிருக்கும் எஞ்சினால் அதற்குள் வேகனைத் தள்ள முடியாது, லூப் வழியாகச் சுற்றி வேகனுக்குப் பின்னால் வந்தாக வேண்டும். இடைஞ்சல்தான், வேண்டுமென்றே வைக்கிற இடைஞ்சல்.

குகையைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான்கடி அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு, கை எட்டாத மூலையில் அதை வைத்திருக்கிறீர்கள். இரண்டரை அடிக்கு மேல் எட்டிப் பிடிப்பது நம் வயதில் முதுகுக்கு ஆகாது, வண்டிகள் தடம் புரள்வதென்றால் குகைக்குள்தான் புரளும். பலகையைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள், அல்லது மலையின் பின்பக்கத்தைத் திறந்தே விட்டுவிடுங்கள். உங்கள் கை நுழையாவிட்டாலும் பேரனின் கை நுழையும்.

அன்புடன்.